ஊதாவாகப் பூத்தால் அது வேம்பு இல்லை

தங்கச்சி, நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம், கிளினிக் குளிசை போடுகிறார், தினமும் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் வேப்பிலைச் சாறு குடித்தால் குளிசையை விட்டுவிடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி வருகிற வெள்ளிக்கிழமை தொடங்கப் போகிறார், அது சரியா என்பது ஒன்று. தங்கையின் மூன்று மாதக் குழந்தைக்குப் பூச்சி விழ அரைத் தேக்கரண்டி வேப்பெண்ணெய் கொடுக்கலாமா என்பது இரண்டு. வளவில் நிற்கிற மரம் வேறு எதற்கெல்லாம் உதவும் என்பது மூன்று. மூன்றுக்கும் சொல்கிறேன். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "எங்கள் வேம்பு இப்போது ஊதாவாகப் பூத்து நல்ல வடிவாக நிற்கிறது" என்று. அதை வாசித்ததும் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். வேம்பு ஊதாவாகப் பூக்காது.

வேப்பம்பூ வெள்ளை, சின்னது, கிட்டப் போனால் தேன் மணம் வரும். ஊதாப் பூ என்றால் உங்கள் வளவில் நிற்பது பெரும்பாலும் மலைவேம்பு. வடிவுக்காகவும் நிழலுக்காகவும் கன்று வாங்கி நடுகிறார்கள், கொடுக்கிறவர் "வேம்புதான்" என்று சொல்லியிருப்பார், பெயரில் பாதி உண்மைதானே. இரண்டும் ஒரே குடும்பம், மகோகனியும் அதே குடும்பம்தான். ஆனால் மலைவேம்பின் பழம் நஞ்சு. அந்த நஞ்சுக்கு மெலியாடொக்சின் என்று பெயர். வாந்தி, வயிற்றோட்டத்தில் தொடங்கி நரம்பு, மூச்சு என்று போகும். பன்றி, நாய் எல்லாம் அதைத் தின்று செத்திருக்கின்றன. குருவி தின்கிறதே என்று பார்க்க வேண்டாம், குருவிக்கு ஆகும், நமக்கு ஆகாது. நஞ்சின் அளவு மரத்துக்கு மரம் மாறும் என்பதால் "பக்கத்து வீட்டார் குடித்து ஒன்றும் ஆகவில்லை" என்ற கதைக்கும் பெறுமதி இல்லை. இந்தியாவில் குழந்தை பாக்கியத்துக்கு மலைவேம்புச் சாறு என்று வீடியோ வீடியோவாகப் போடுகிறார்கள், அதைப் பார்த்து இலங்கையிலும் சிலர் இலை தேடித் திரிகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் ஒரு இலையைப் பிடித்துப் பாருங்கள். வேம்பில் ஒரே ஒரு காம்பு, அதன் இரண்டு பக்கமும் அரிவாள் மாதிரி வளைந்த சிற்றிலைகள், விளிம்பில் வாள் பல், ஒவ்வொரு சிற்றிலையின் அடியும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கோணலாக இருக்கும். மலைவேம்பில் காம்பிலிருந்து இன்னொரு காம்பு பிரியும், அதில்தான் சிற்றிலை இருக்கும். காயும் வேறு. வேப்பங்காய் நீள்வட்டம், பழுத்தால் மஞ்சள், விழுந்து நாலைந்து நாளில் நசிந்து போகும். மற்றது உருண்டை, இலை எல்லாம் கொட்டிய பிறகும் கொத்துக் கொத்தாக மரத்திலேயே தொங்கும். (நிலவேம்பு இன்னும் வேறு, அது மரமே இல்லை, முழங்கால் உயரச் செடி. காய்ச்சலுக்குக் குடிநீர் வைக்கிறார்களே, அது. கறிவேப்பிலை தேசிக்காய்க் குடும்பம். பெயரில் வேம்பு இருப்பதெல்லாம் ஒன்று என்றால் நாம் எல்லோரும் செத்திருப்போம்.)

ஆக, வெள்ளிக்கிழமை அம்மா அந்த மரத்து இலையைத் தொடக்கூடாது. இனி நிஜ வேம்புக்கு வருகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி, ஏன் இதெல்லாம் சொல்கிறேன் என்று விளங்க வேண்டுமே. என் அப்பப்பா திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்துப் பரியாரி, நாட்டு வைத்தியர். நான் அரசாங்க டிஸ்பென்சரிகளில் மருந்தாளராக இருந்து இப்போது ஓய்வு. அதனால் இரண்டு பக்கத்தாரும் என்னிடம் சண்டை பிடிப்பார்கள். இத்தனை காலத்தில் நான் பார்த்து வந்த முடிவு ஒன்றுதான்: வேம்பு தோலுக்கும் பல்லுக்கும் நெல்மூட்டைக்கும் நல்ல மரம், தம்ளரில் ஊற்றிக் குடிக்கிற மரம் இல்லை.

குழந்தைக்கு வேப்பெண்ணெய் வேண்டாம். அரைத் தேக்கரண்டி வேண்டாம், ஒரு சொட்டும் வேண்டாம், நாக்கில் தடவவும் வேண்டாம். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மலேசியாவில் நம்மைப் போலவே பிள்ளைக்குச் சளி, இருமல் என்றால் வேப்பெண்ணெய் கொடுக்கிற பழக்கம் இருந்தது. 1981 இல் அங்குள்ள மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், 5 மில்லி அளவுக்குக் கொடுத்த பச்சைப் பிள்ளைகளுக்கே சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், மூச்சு வாங்குதல், வலிப்பு வந்தது, சில பிள்ளைகள் பிழைக்கவில்லை. ஈரலும் மூளையும் சேர்ந்து கெடுகிற அந்த நிலை றேயின் நோய்க்குறி என்று சொல்லுவதைப் போன்றது. 5 மில்லி என்றால் ஒரு தேக்கரண்டி. நான் வேலை பார்த்த ஓரிடத்துக்கு ஒரு அம்மம்மா பேரப்பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். காலையில் வசம்பைச் சுட்டு வேப்பெண்ணெயில் குழைத்துக் கொடுத்ததாகச் சொன்னார். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை, கையைத் தூக்கிவிட்டால் துணி மாதிரி விழுந்தது. வாய் முழுக்க வேப்பெண்ணெயின் உள்ளி (பூண்டு) நாற்றம். பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினோம், பிழைத்துக்கொண்டது. அந்த அம்மம்மா அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டதை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் தன் ஏழு பிள்ளைகளுக்கும் அதைக் கொடுத்து வளர்த்தவராம். அதுதான் இதில் உள்ள சிக்கல், பல பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது, ஒன்றுக்கு ஆகிவிடும். மூன்று மாதப் பிள்ளைக்குப் பூச்சி இருக்கவும் வழியில்லை, அது மண்ணில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிற வயதில் வருவது. அழுகிறது, வயிறு ஊதுகிறது என்றால் குடும்பநல மருத்துவ மாதுவிடம் காட்டுங்கள்.

அம்மாவின் கதைக்கு வருவோம். வேப்பிலை சீனியைக் கொஞ்சம் இறக்கும் என்பது பொய் இல்லை. எலிகளில் நிறையப் பார்த்திருக்கிறார்கள், மனிதரில் சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு. பிரச்சினை, அம்மா ஏற்கெனவே குளிசை போடுகிறார். மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் சீனி ஒரேயடியாக இறங்குகிற பயம் குறைவு. ஆனால் கிளினிக் அட்டையில் கிளிக்லசைட் அல்லது டோல்பியூட்டமைட் என்று எழுதியிருந்தால், அதோடு வெறும் வயிற்றில் வேப்பஞ்சாறும் சேர்ந்தால், பத்து மணிக்குக் கை நடுங்கி, வியர்த்து, சந்தையில் விழுந்து கிடப்பார். குளிசையை நிறுத்திவிட்டுச் சாற்றை மட்டும் குடித்தாலோ அது இன்னும் மோசம், ஏனென்றால் அது ஆறுதலாக, சத்தமில்லாமல் நடக்கும். நாக்கு கைக்கிறது, மனதுக்கு மருந்து குடித்த திருப்தி, சீனி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், கடைசியில் காலில் ஒரு புண் ஆறாமல் நிற்கும்போதுதான் தெரியும். நான் பார்த்த கால் வெட்டுகளில் பாதி இப்படி "இயற்கையாகப் பார்க்கிறோம்" என்று இரண்டு மூன்று வருடம் கிளினிக்குக்குப் போகாமல் விட்டவர்கள்.

அப்பப்பாவும் வேப்பிலையை உள்ளுக்குக் கொடுத்தவர்தான். எப்படித் தெரியுமா? கொழுந்தை மட்டும் கிள்ளி, கொஞ்சம் மஞ்சளோடு அம்மியில் அரைத்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, மூன்று நாள். நாலாம் நாள் கேட்டாலும் கொடுக்க மாட்டார். சுண்டைக்காய் அளவு மூன்று நாள் என்றிருந்த மருந்து எந்தக் கட்டத்தில் தம்ளர் கணக்கில் மாதக்கணக்கில் ஆனது என்று எனக்கு விளங்கவில்லை, யூடியூப்பில் நிக்கிற ஆட்கள்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு நாட்டு மருந்தில்தான் நம்பிக்கை என்றால் கிளினிக் அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு படித்த சித்த வைத்தியர் ஒருவரிடம் போகட்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நம்முடைய திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. அவர் குளிசையை நிறுத்தச் சொல்ல மாட்டார்.

இன்னொன்று. வயிற்றில் பிள்ளை உள்ளவர்களும், பிள்ளைக்காகக் காத்திருக்கிற ஆண் பெண் இருவரும் வேம்பை உள்ளுக்கு எடுக்கவே கூடாது. விலங்குகளில் கருவைக் கலைத்திருக்கிறது, வேப்பெண்ணெயைக் கருத்தடைக்குப் பயன்படுத்த முடியுமா என்றே இந்தியாவில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

சரி, இனி நல்லதைச் சொல்கிறேன், அதுவும் நிறைய இருக்கிறது.

தோலில் வேம்பை அடிக்க ஆள் இல்லை. விரல் இடுக்கில், மணிக்கட்டில், தொப்புளைச் சுற்றி இரவில் பிய்த்துப் பிடுங்குகிற சொறி இருக்கிறதே, அது கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒன்று தோலுக்குள் சுரங்கம் தோண்டுவதால் வருவது. இந்தியாவில் 1992 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 814 பேருக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுதைப் பூசிப் பார்த்ததில் 3 முதல் 15 நாளுக்குள் 97 சதவீதம் பேருக்குச் சுகமானது. பக்கத்தில் வேறு மருந்து பூசிய கூட்டம் ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்ற குறை அதில் உண்டு, ஆனாலும் மலிவான மருந்துக்கு அது மோசமில்லை. அரைக்கிறதிலும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. நாலு பங்கு இலைக்கு ஒரு பங்கு மஞ்சள், தண்ணியைத் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும், ஊற்றி அரைத்தால் வழிந்து போய்விடும். பச்சைப் பசேல் என்றிருந்தது மஞ்சள் சேரச் சேர ஒரு மங்கலான பாசி நிறத்துக்கு வரும், விரலால் இழுத்தால் நார் தட்டக் கூடாது. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்துக்கு அடியிலும் பூசிக் காயவிட்டுக் குளிக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்குச் சொறி என்றால் எல்லோரும் பூச வேண்டும், படுக்கை விரிப்பு, துவாய் எல்லாம் கொதி தண்ணியில். இதைச் செய்யாமல் "வேம்பு வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களுக்குப் பெர்மெத்ரின் கிறீம் கொடுத்தாலும் அதுவும் வேலை செய்யாது. பொடுகு, பேனுக்கும் நல்லது, வேப்பம் விதைச் சாறு சேர்த்த ஷாம்பூவை எகிப்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் பரிசோதித்துப் பேன் செத்ததை எழுதியிருக்கிறார்கள். எண்ணெயை நேரே தலையில் ஊற்றாதீர்கள், தேங்காய் எண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து, முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள், சிலருக்கு எரியும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்தப் போத்தலை எட்டாத உயரத்தில் வைப்பதும் முக்கியம்.

கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்தால் வேப்பிலை. அது எல்லோருக்கும் தெரிந்தது. படலையில் கொத்துச் செருகினால் "இந்த வீட்டில் அம்மாள் நிற்கிறா, வராதே" என்று ஊருக்கு அறிவித்தல். யோசித்துப் பார்த்தால் அதுதான் அந்த இலை செய்கிற பெரிய வைத்தியம், ஆட்களைத் தூர நிறுத்துவது. சல்லி அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்து, பிள்ளையை வேப்பிலையில் கிடத்தி, அரிப்பு வரும்போது கொத்தால் மெதுவாக வருடிவிட்டால் பிள்ளை நகத்தால் பிறாண்டாது, தழும்பும் குறையும். வைரசை அது கொல்லும் என்று நினைக்க வேண்டாம். காய்ச்சலுக்குப் பனடோல் கொடுக்கலாம், டிஸ்பிரின் கொடுக்கவே கூடாது, அது அஸ்பிரின், மேலே சொன்ன றேயின் நோய்க்குறி கொப்புளிப்பானும் அஸ்பிரினும் சேர்ந்தாலும் வரும். பெரியவர்களுக்கு வந்தால் கோயிலோடு நிற்காமல் முதல் நாளே டொக்டரிடம் போக வேண்டும், அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தை 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் சரியாகப் பிடிக்கும்.

பல்லுக்கு வேப்பங்குச்சி நல்லது, ஈறில் படிகிற அழுக்கைக் குறைக்கும். ஆனால் "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சொல்லிக்கொண்டு வேம்பை மெல்லுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். அதில் வேல் என்றது கருவேலை, வேம்பை இல்லை. பழமொழியில் இல்லாவிட்டாலும் குச்சி வேலை செய்கிறது, அது வேறு விஷயம்.

நுளம்புக்கு என்று எல்லோரும் கேட்பார்கள். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு தாண்டவமாடியபோது வீட்டுக்கு வீடு வேப்பிலைப் புகை. பொழுதுபட்டால் ஒழுங்கைக்குள் ஆள் தெரியாது. டெங்கு நுளம்பு கடிப்பது காலையிலும் பின்னேரத்திலும் வெளிச்சத்தோடு, புகை போட்டது இருட்டிய பிறகு. இழுப்பு வருத்தக்காரர் நாலு பேர் அந்தப் புகையால் என்னிடம் வந்ததுதான் மிச்சம். தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து கை காலில் பூசினால் மலேரியா நுளம்பு கிட்ட வராது என்று இந்தியாவில் கண்டிருக்கிறார்கள், டெங்கு நுளம்புக்கு அவ்வளவு நம்ப முடியாது. தண்ணி தேங்காமல் சிரட்டையையும் ரயரையும் கவிழ்த்து வையுங்கள்.

இந்த மரம் பூச்சியை என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த பகுதி. 1959 இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை வந்து கண்ணில் பட்ட பச்சை எல்லாவற்றையும் தின்று தீர்த்தது, வேப்ப மரங்கள் மட்டும் இலையோடு நின்றன. அங்கே இருந்த ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் அதைப் பார்த்துத்தான் தன் மிச்சக் காலத்தை வேம்புக்குக் கொடுத்தார். 1968 இல் விதையிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அது பூச்சியை உடனே கொல்லாது. தின்ன மனம் வராமல் செய்யும், தின்றால் தோல் உரிக்க விடாது. உரிக்க முடியாத புழு தன் சட்டைக்குள்ளேயே நெரிந்து சாகும். அந்த மூலக்கூறு எவ்வளவு சிக்கல் என்றால் கேம்பிரிட்ஜில் அதைச் செயற்கையாகக் கட்டி முடிக்க 22 வருடம் பிடித்தது, 2007 இல்தான் முடித்தார்கள். நம்முடைய மரம் அதை ஒவ்வொரு வருடமும் சத்தமில்லாமல் செய்து கீழே கொட்டுகிறது. வேப்பெண்ணெயிலிருந்து 1942 இல் சித்திக்கி என்பவர் முதலில் பிரித்ததற்கு நிம்பின் என்று பெயர் வைத்தார், நிம்பம் என்றாலும் வேம்புதான். இத்தனைக்கும் பிறகு, பூஞ்சணத்துக்கு வேப்பெண்ணெய் அடிப்பது தங்கள் கண்டுபிடிப்பு என்று டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற அமெரிக்கக் கம்பனியும் அந்நாட்டு விவசாயத் திணைக்களமும் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கின. இந்தியச் சூழலியலாளர் வந்தனா சிவா போன்றவர்கள் வழக்காடி 2000 இல் அது ரத்தானது, மேன்முறையீடும் 2005 இல் தள்ளுபடி.

2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தையும் மருந்தையும் தடை செய்தபோது தம்பலகாமத்து வயல்காரர் பலர் வேப்பங்கொட்டை பொறுக்கத் தொடங்கினார்கள். கொட்டையை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து அடித்தால் கத்தரி, மிளகாய்க்கு நல்ல பலன். வெயில் பட்டால் நாலைந்து நாளில் சக்தி போய்விடும், அதனால் பின்னேரம் அடிக்க வேண்டும், கிழமைக்கு ஒருக்கால் அடிக்க வேண்டும். உழுந்து, பயறு போட்டு வைக்கிற பானைக்குள் நிழலில் காயவைத்த வேப்பிலையைப் படை படையாகப் போட்டால் வண்டு குறையும். இது எங்கள் வீட்டில் இன்றைக்கும் நடக்கிறது.

உள்ளுக்கு எதுவுமே வேண்டாமா என்று அம்மா கோபித்தால் வேப்பம்பூ கொடுங்கள். பங்குனி, சித்திரையில் மரத்தடியில் பழைய சேலையை விரித்து வைத்தால் விடியக் காலையில் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும். உழுந்தை ஊறவைத்து அரைத்து, பூ, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், உப்பு சேர்த்துத் தட்டி மூன்று நாலு வெயில் காட்டினால் வடகம். பொரித்துச் சோற்றோடு இரண்டு கடிப்பது ஒருவருக்கும் கெடுதல் செய்யாது, கைப்பும் தெரியும், வாயும் ருசிக்கும். பூவைத் தெருமரத்தில் எடுக்காதீர்கள், தூசி.

அதற்கு உங்கள் வளவில் ஒரு நிஜ வேம்பு வேண்டும். விதை அதிக நாள் நிற்காது, இரண்டு மூன்று கிழமைக்குள் முளைக்கும் தன்மை போய்விடும், அதனால் கடையில் வாங்குவதை விட மரத்தடியில் பொறுக்குவதுதான் சரி. ஆடி மாதம் விழுகிற மஞ்சள் பழத்தைப் பிதுக்கி, கொட்டையைச் சாம்பல் போட்டுக் கழுவி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு அந்தக் கிழமையே மண்ணில் வையுங்கள். கிணற்றடியிலிருந்து தள்ளி வையுங்கள், வேர் தொட்டியை உடைக்கும். எங்கள் உப்புவெளி வீட்டு மரத்தில் வௌவால் தின்று போட்ட கொட்டையே நிறையக் கிடக்கும், அந்தப் பக்கம் வந்தால் ஒரு பையோடு வாருங்கள். வரும்போது அந்த ஊதாப் பூ மரத்தின் கொப்பு ஒன்றும் இலையோடு கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டே சொல்கிறேன்.